வளரும் பிள்ளைகள்: உறக்கம், உணவு, மனம்

மும்பையில் நம்மவர் நாலு பேர் கூடினால், அது கோயிலானாலும் கல்யாண வீடானாலும், பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. மார்க்கு, கிளாஸ், அட்மிஷன் எல்லாம் பேசி முடித்த பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொல்வார்கள். "பையன் முன்போல இல்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். காலையில் எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கட்டிக் கொடுத்த சாப்பாடு அப்படியே டப்பாவில் திரும்பி வருகிறது."

இவற்றை மூன்று தனித்தனிக் குறைகளாகவே நாம் எண்ணுகிறோம். எரிச்சலுக்கு வயதைக் காரணம் சொல்கிறோம், எழுந்திருக்காததற்குச் சோம்பலை, சாப்பிடாததற்கு வெளித் தீனியை. உண்மையில் இவை மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள். உறக்கம் குறைந்தால் பசி மாறுகிறது, பசி மாறினால் உணவு மாறுகிறது, இரண்டும் சேர்ந்து மனத்தைத் தொடுகின்றன. மனம் வாடினால் மறுபடி உறக்கமும் உணவும் கெடுகின்றன. எந்தப் புரி முதலில் நைந்தது என்று கண்டுபிடிப்பது மருத்துவருக்கே சில நேரம் கடினம். ஆனால் எந்தப் புரியைப் பிடித்து வீட்டில் வேலையைத் தொடங்கலாம் என்பது ஓரளவு தெளிவாகத் தெரியும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் ஏறக்குறையப் பாதி 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரியவந்தது. அறுபது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ஐம்பத்தாறு பேரும் நலமாக இருக்கிறார்கள் என்றாலும், அவர்களிலும் பெரும்பாலோர் உறக்கம் போதாதவர்கள். களைப்பு எது, நோய் எது என்று பிரித்தறியப் பெற்றோருக்குக் கொஞ்சம் பாடம் தேவைப்படுகிறது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம்

நமக்கு உறக்கம் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொருகும், உறங்கினால் கரைந்துவிடும். இது முதல் காரணம். இரண்டாவது, மூளையின் அடிப்பகுதியில் கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் மிகச் சிறிய நரம்புத் திரள். இதுதான் உடம்பின் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு இது தன்னைத்தானே நாள்தோறும் திருத்திக்கொள்கிறது. இருட்டியதும் மெலட்டோனின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலக்க இந்தக் கடிகாரமே உத்தரவிடுகிறது. உயிரணுவுக்குள் இத்தகைய கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. பருவமடையும் வயதில் இந்தக் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கெல்லாம் மடியில் சாய்ந்து உறங்கிய குழந்தைக்கு, பதினைந்து வயதில் பதினோரு மணி ஆனாலும் கண் மூடாது. மெலட்டோனின் சுரப்பதே தாமதமாகிறது. அதோடு, விழிப்பினால் சேரும் உறக்க அழுத்தமும் சிறு குழந்தைகளுக்குச் சேருவதைவிட மெதுவாகவே சேருகிறது. ஏறத்தாழ இருபது வயது வரை பின்னோக்கிப் போகும் கடிகாரம், பிறகு மெல்லத் திரும்பத் தொடங்குகிறது. ஆக, "சீக்கிரம் படு, சீக்கிரம் எழுந்திரு" என்று நாம் சொல்வதைக் கேட்க அவனுக்கு விருப்பமே இருந்தாலும் உடம்பு இடம் கொடுப்பதில்லை. அதைச் சோம்பல் என்று திட்டுவதில் பயனில்லை.

அப்படியானால் அவனுக்கு உறக்கம் குறைவாகத் தேவைப்படுகிறதோ என்ற ஐயம் எழலாம். மேரி கார்ஸ்கேடன் என்னும் அம்மையார் 1976இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கோடை விடுமுறை முகாம் ஒன்றைத் தொடங்கினார். அதே பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்து, இரவில் பத்து மணி நேரம் படுக்க இடம் கொடுத்து, எவ்வளவு உறங்குகிறார்கள் என்று கருவிகளால் அளந்தார். வளர வளர உறக்கம் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. எல்லா வயதிலும் சுமார் ஒன்பதே கால் மணி நேரம் உறங்கினார்கள். அவ்வளவு உறங்கிய பின்னும் பெரிய பிள்ளைகளுக்குப் பகலில் கூடுதலாகத் தூக்கம் வந்தது. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

மும்பைச் சூரியனும் ஏழு மணிப் பள்ளியும்

நம் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். அது 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி வைக்கப்பட்டது. சூரியனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. ஒரு பாகை மேற்கே போனால் சூரியன் நாலு நிமிடம் தாமதிக்கும். சென்னைக்கும் மும்பைக்கும் இடையே சுமார் ஏழரைப் பாகை. அதாவது சென்னையிலிருந்து மும்பைக்குக் குடிபெயரும் குடும்பத்துக்குச் சூரியன் அரை மணி நேரம் பின்தங்குகிறது. குளிர்காலத்தில், நாம் வடக்கே தள்ளி இருப்பதாலும், இந்த வேறுபாடு விடியலில் இன்னும் கூடுகிறது. சனவரி நடுவில் சென்னையில் ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடும். மும்பையில் ஏழேகால் ஆகும். சூன் மாதத்தில் சென்னையில் மாலை ஆறரை மணி சுமாருக்கு மறையும் சூரியன் இங்கே ஏழேகால் வரை நிற்கும். (கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு நிலைமை நேர் எதிர், அங்கே சூரியன் மும்பைக்கு ஒரு மணி நேரம் முந்தி வந்துவிடும்.)

மும்பையில் எத்தனையோ பள்ளிகளின் முதல் மணி ஏழு மணிக்கு அடிக்கிறது. வேன் ஆறேகாலுக்கு வரும். பிள்ளை ஐந்தரைக்கு எழ வேண்டும். உடம்புக் கடிகாரத்தை முன்னே இழுக்கக்கூடிய மருந்து காலை வெளிச்சம் ஒன்றுதான். அந்த வெளிச்சம் வருவதற்குள் அவன் குளித்து, சீருடை அணிந்து, வேனில் ஏறி, குழல்விளக்கு எரியும் வகுப்பறையில் உட்கார்ந்துவிடுகிறான். மாலையில் நீண்டு நிற்கும் வெளிச்சமோ கடிகாரத்தைப் பின்னே தள்ளுகிறது. சொந்த ஊரில் தான் ஐந்து மணிக்கு எழுந்து படித்ததாகச் சொல்லும் தகப்பனார், அங்கே ஐந்தரைக்கே கிழக்கு வெளுத்ததை நினைத்துப் பார்க்கலாம்.

மகாராஷ்டிர அரசு 2024 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகள் காலை ஒன்பது மணிக்கு முன் தொடங்கலாகாது என்றது அந்த ஆணை. நல்ல எண்ணம்தான். ஆனால் உடற்கூறு நூல்படி பார்த்தால், காலையில் தானாக எழக்கூடியவை அந்தச் சிறு குழந்தைகள். எழ முடியாதவர்கள் அவர்களுடைய அண்ணன்களும் அக்காக்களும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7.50க்குப் பதில் 8.45க்குத் தொடங்கியது. பிள்ளைகள் அந்த நேரத்தையும் விழித்திருந்தே கழிப்பார்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது, நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாக உறங்கியதாகத் தெரிந்தது. கலிபோர்னியா மாநிலம் 2019இல் இதற்குச் சட்டமே இயற்றியது. நம் பள்ளிகள் மாறும் வரை நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதால், வீட்டில் என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

உறக்கம் குறைந்தால் மனம் என்ன ஆகிறது

1963 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவன், பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக உறங்காமல் இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தான். 264 மணி நேரம், அதாவது பதினோரு நாள் விழித்திருந்தான். சில நாளிலேயே சிடுசிடுப்பும் மறதியும் வந்துவிட்டன. கடைசி நாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்றதற்கு, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். இத்தகைய சாதனைகள் உடலுக்கு ஆபத்து என்பதால் கின்னஸ் புத்தகத்தார் பிற்பாடு இவற்றைப் பதிவதையே விட்டுவிட்டார்கள்.

நம் பிள்ளைகள் பதினோரு நாள் விழிப்பதில்லை. தினம் இரண்டு மணி நேரம் கடன் வாங்குகிறார்கள். அதன் விளைவு என்ன என்பதைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இரவில் ஆறு மணி நேரம் மட்டும் உறங்கவிடப்பட்டவர்கள் இரண்டு வாரத்தில், ஓர் இரவு முழுக்க விழித்தவர்களைப் போலக் கவனம் தவறினார்கள். அதைவிட முக்கியமானது, தங்கள் கவனம் சிதறுவது அவர்களுக்கே தெரியவில்லை என்பது. "எனக்கு ஆறு மணி நேரத் தூக்கம் போதும்ப்பா" என்று பிள்ளை சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவனால் அதை அளக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எரிச்சலுக்கும் விளக்கம் இருக்கிறது. மூளையில் அச்சத்தையும் சினத்தையும் எழுப்பும் பாதாம் பருப்பளவு பகுதி ஒன்று உண்டு, அமிக்டலா என்பார்கள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அதற்குக் கடிவாளம் பிடிக்கிறது. இளைஞர்களை ஓர் இரவு உறங்கவிடாமல் வைத்து மனத்தை உறுத்தும் படங்களைக் காட்டியபோது, உறங்கியவர்களைக் காட்டிலும் அமிக்டலா 60 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கிளர்ந்தெழுந்ததாகவும், கடிவாளத்தின் பிடி தளர்ந்திருந்ததாகவும் 2007இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. பதினாறு வயதில் அந்தக் கடிவாளமே இன்னும் முழுதாக வளரவில்லை என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். "சாப்பிட வா" என்று அம்மா கூப்பிட்டதற்கு வீடு அதிரக் கத்துகிறவனைக் கண்டிக்கலாம். ஆனால் கண்டிப்பதற்கு முன் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தான் என்று பார்த்துவிடுவது நல்லது.

தட்டில் தெரிவது

உறக்கம் கெட்டால் பசி எப்படி மாறுகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும்தான் வேண்டும் என்றார்கள். 2004இல் வந்த இந்தச் சிறிய ஆய்வைப் படிக்கும்போது நம் வீட்டுக் காட்சி கண்முன் வருகிறது. கீரைக் கூட்டைத் தொடாத பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்கு நூடுல்ஸ் கிளறுகிறான். அது நாக்கின் கொழுப்பு மட்டுமன்று. களைத்த மூளையின் கேட்பும் கூட.

காப்பியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுச் சங்கதி. மேலே சொன்ன அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. உறக்கம் தீர்வதில்லை, உறக்கம் வருவது தெரியாமல் போகிறது. குடித்த காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கண் விழித்துப் படிக்கட்டுமே என்று பரிவோடு ஒன்பது மணிக்கு ஆற்றிக் கொடுத்த டிகிரி காப்பியில் பாதி, விடிகாலை இரண்டு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் காபீனுக்கு மேல் ஒரு நாளில் போகாமல் இருப்பது நல்லது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்கு. 50 கிலோ எடையுள்ளவனுக்கு 150. கடையில் விற்கும் 250 மில்லி எனர்ஜி பானம் ஒன்றிலேயே சுமார் 75 வந்துவிடுகிறது. அதற்கு மேல் வீட்டுக் காப்பி, கிளாஸ் வாசலில் கட்டிங் சாய் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

உணவு குறைந்தாலே மனம் நோகும் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45இல், ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் மினசோட்டாவில் உடல்நலமும் மனநலமும் மிக்க 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரை வயிற்றுச் சாப்பாடு மட்டுமே கொடுத்தார். அவர்களும் தாமாக முன்வந்தவர்களே. எடை குறைந்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் சிரிப்பு நின்றது, நண்பர்களிடம் பேச்சு நின்றது, எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டே இருந்தார்கள். "டயட்டிங்" என்று சொல்லிக் காலையில் ஓர் ஆப்பிள், இரவில் ஒரு சப்பாத்தி என்று இருக்கும் பெண் பிள்ளையின் முகவாட்டத்தைப் பார்க்கும்போது இந்தச் சோதனை நினைவுக்கு வர வேண்டும். ஒல்லியாக வேண்டும் என்ற எண்ணமே நாள் முழுக்க மனத்தைப் பிடித்துக்கொண்டால், சாப்பிட்டதை ரகசியமாக வாந்தி எடுத்தால், மாதவிலக்கு நின்றுபோனால், அது அழகுணர்ச்சி அன்று. மருத்துவம் தேவைப்படும் நோய். உடற்பயிற்சி நிலையம் போகும் ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும்.

வயிறு நிறையச் சாப்பிட்டாலும் குறை இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கும், ஆண்களில் 31.1 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை. இதில் பெரும் பங்கு இரும்புச் சத்துக் குறைவால் வருவது. களைப்பு, கவனமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை என்று அது மனச்சோர்வின் வேடத்திலேயே வந்து நிற்கும். கீரை, பயறு, கொள்ளு, எள், சுண்டல், ஈரல், மீன் எல்லாம் உதவும். தாவர உணவில் உள்ள இரும்பை உடம்பு ஏற்க எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை செய்கின்றன. சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

மரக்கறி உண்ணும் நம் குடும்பங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி12 வைட்டமின் விலங்கிலிருந்து வரும் உணவில்தான் நம்பத்தக்க அளவில் கிடைக்கிறது. பால், தயிர், முட்டை ஆகியவையும் இதில் அடங்கும். இட்லி மாவு புளிப்பதால் பி12 வந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பால் பிடிக்காது, தயிர் பிடிக்காது என்று பிள்ளை ஒதுக்கினால், கை கால் மரத்தல், சோர்வு, மறதி, மனவாட்டம் இருந்தால், மருத்துவரைக் கேட்டு ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆறு மாதம் திட்டியும் தீராதது சில சமயம் ஊசியாலோ மாத்திரையாலோ தீர்ந்துபோகும்.

நல்ல உணவு மனச்சோர்வைக் குறைக்குமா என்று நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட சோதனையில் மனச்சோர்வுள்ள 67 பேர் இருந்தனர். ஒரு பாதியினருக்குக் காய்கறி, பருப்பு, கொட்டைகள், மீன், தவிடு நீக்காத தானியம் என்று உணவைத் திருத்தப் பயிற்சி. மறுபாதியினருக்குப் பேச்சுத் துணை மட்டும். 12 வாரத்தில் முதல் பிரிவில் சுமார் 32 சதவீதத்தினரும், இரண்டாவதில் 8 சதவீதத்தினரும் நோய் நீங்கும் நிலையை அடைந்தனர். 2019இலும் 2022இலும் அங்கேயே இளவயதினரிடம் நடந்த சோதனைகளிலும் பலன் தெரிந்தது. ஆனால் இவை சிறிய சோதனைகள். தான் என்ன சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் இருக்காது; அந்த நம்பிக்கையே பாதி வேலை செய்திருக்கலாம். முதல் சோதனையில் பலர் வழக்கமான சிகிச்சையையும் தொடர்ந்தார்கள். ஆகவே உணவை மருந்துக்குத் துணை என்று கொள்ளலாமே தவிர, மாற்று என்று கொள்ளக்கூடாது. இதற்காக மாலில் போய் ஆலிவ் எண்ணெய் வாங்கவும் வேண்டாம். சாம்பார், பொரியல், சுண்டல், வேர்க்கடலை, மத்தி மீன் என்று நம் அடுப்படியிலேயே அந்தப் பட்டியல் முழுக்க இருக்கிறது. மைதாவும் பொரித்த பாக்கெட்டும் குறைந்தால் சரி.

வாழைப்பழம் தின்றால் மகிழ்ச்சி வரும், அதில் செரடோனின் இருக்கிறது என்று கைபேசியில் செய்திகள் சுற்றுகின்றன. வயிற்றில் உள்ள செரடோனின் மூளைக்குள் நுழைவதில்லை. வாழைப்பழம் நல்ல பழம், அதற்காகவே சாப்பிடலாம்.

வீட்டில் என்ன செய்வது

முதலில் காலை. எழும் நேரத்தை நிலையாக்குவதுதான் கடிகாரத்தைப் பிடிக்கும் கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு வரை உறங்கினால் ஞாயிறு இரவு உறக்கம் வராது. திங்கட்கிழமை காலை வீட்டில் யுத்தம். விடுமுறையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் கூடுதலாக விடலாம், அதற்கு மேல் வேண்டாம். எழுந்ததும் சன்னலோரமோ மொட்டை மாடியோ, வெயில் படும் இடத்தில் இருபது நிமிடம் நிற்கட்டும். பள்ளி நாளில் முடியாவிட்டால் முதல் இடைவேளையில் வெளியே வரச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் உறங்குவது இரவு உறக்கத்தைத் தின்றுவிடும். நாலு மணிக்குள் இருபது, முப்பது நிமிடம் தலைசாய்த்தால் தப்பில்லை.

காலை ஆறு மணிக்கு இட்லி இறங்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் அவன் வயிறும் உறக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் பால், இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பிவிட்டு, சிற்றுண்டியை முதல் இடைவேளைக்குக் கட்டிக் கொடுங்கள்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அப்பா ஒன்பதரை லோக்கலில் வந்து சேர்ந்து, பத்து மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். வெளியூரில் பிழைக்க வந்த குடும்பத்துக்கு நாளில் மிஞ்சும் ஒரே ஒன்றுகூடல் அது. அதை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை ஏழரை மணிக்கே, கிளாசுக்குப் போகுமுன்னோ வந்தவுடனோ, முழுச் சாப்பாட்டை முடித்துவிடட்டும். பத்து மணிக்கு அப்பாவோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடிக்கட்டும். பேச்சுக்குத்தான் அந்த நேரம்.

கைபேசியின் நீல ஒளியைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறார்கள். ஒளியின் பங்கு சிறிது. அதில் ஓடும் கதையும் நண்பர் பேச்சும்தான் கண்ணை மூட விடாதவை. படுக்கும் அறைக்கு வெளியே எல்லாருடைய கைபேசியும், அம்மா அப்பாவுடையதும் சேர்த்து, சார்ஜில் இருந்தால் சண்டை பாதியாகும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகள் உண்டு. அங்கே இருட்டும் அமைதியும் கேட்டால் கிடைப்பவை அல்ல. பத்தரைக்கு டி.வி.யை நிறுத்துவது, பெரிய விளக்கை அணைத்துச் சிறு விளக்கு வைப்பது, படிக்கிற பிள்ளைக்குச் சுவரோர மூலையை ஒதுக்குவது, காதில் பஞ்சு. இவ்வளவு முடிந்தாலே அரை மணி நேர உறக்கம் கூடும். உறக்க மிட்டாய் என்று மெலட்டோனின் விற்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தராதீர்கள்.

தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படிப்பதைப் பற்றி ஒரு சொல். 1924இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்களைக் கொண்டு, மனப்பாடம் செய்தபின் உறங்கினால் மறதி குறைவு, விழித்திருந்தால் மறதி அதிகம் என்று காட்டிவிட்டார்கள். நூறு ஆண்டுகளாக வந்த ஆராய்ச்சி அதை உறுதிப்படுத்தியே வந்திருக்கிறது.

எப்போது மருத்துவரை நாடுவது

மூன்று வாரம் உறக்கத்தையும் உணவையும் சீர்செய்தும் முகம் தெளியவில்லை என்றால் யோசிக்க வேண்டும். பிடித்த கிரிக்கெட்டிலும் பாட்டிலும் கூட நாட்டம் போய்விட்டது, இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்கச் சோகமோ எரிச்சலோ, எடையில் மாற்றம், படுத்தும் உறக்கமில்லை அல்லது எந்நேரமும் உறக்கம், மார்க்கில் திடீர்ச் சரிவு என்றால் காத்திருக்காதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சுமாக இருந்தால், அதுவும் நோயின் அறிகுறியாகலாம்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனி இடைஞ்சல் இருக்கிறது. பிள்ளை தன் மனத்தில் உள்ளதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ நினைக்கிறான். அம்மாவுக்கு அது தமிழில் வந்தால்தான் உறைக்கும். "மூட் ஆஃப்", "டென்ஷன்", "போர்" என்று மூன்று சொல்லில் அவன் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறான். பாட்டி, கண் பட்டிருக்கும் என்கிறார். திருஷ்டி சுற்றிப் போடுவதில் கெடுதல் ஏதுமில்லை, அதோடு நிற்காதவரை. சொல் கிடைக்காத வீட்டில் திரும்பி வரும் டப்பாவும் விளக்கு எரியும் இரவுமே செய்தி சொல்கின்றன. எந்த மொழியில் வந்தாலும் அரைகுறையாக வந்தாலும், அவன் சொல்லத் தொடங்கும்போது இடைமறிக்காமல் கேட்க வேண்டும்.

சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, உடம்பைக் கீறிக்கொண்ட தழும்பு கண்டாலோ, நேராகக் கேட்டுவிடுங்கள்: "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, கண்ணா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸாகுமோ என்று அஞ்சி மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

மும்பையில் சயான், பரேல் கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அதன் மொழிகளில் தமிழும் ஒன்று.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு நோட்டில் இரண்டு வாரக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குக் காப்பி, அன்றைக்கு முகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி. முடிந்தால் பிள்ளையே எழுதட்டும். கால் மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற மருத்துவருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.